வழியனுப்பிய புண்ணியம்

1893-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 10-ஆம் நாள். ஜப்பானின் யோகோஹாமா துறைமுக நகரில், ஒரு விடுதியில் அமர்ந்து, முப்பது வயது நிறைந்த துறவி ஒருவர் சென்னையிலுள்ள அன்பர்களுக்குக் கடிதம் எழுதினார். அவரே சுவாமி விவேகானந்தர். சிகாகோவில் கூடவிருந்த சர்வமத மகாசபைக்குச் செல்லும் வழியில், ஜப்பானின் பெருநகரங்கள் சிலவற்றைக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியிருந்தது. மொழி தெரியாத தேசம். கூட வந்த சீடர் எவரும் இல்லை.

சிகாகோ சொற்பொழிவை அறியாதவர் நம்மில் இல்லை. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் எழுதப்பட்ட இந்தக் கடிதத்தை அறிந்தவர் குறைவு. பிள்ளைகளையும் பேரக்குழந்தைகளையும் கடல் கடந்து அனுப்பிவிட்டு, அவர்களுடைய நலம் வேண்டி அன்றாடம் விளக்கேற்றும் பெரியோர்கள் அறிந்து மகிழ வேண்டிய செய்திகள் பல இக்கடிதத்தில் உள்ளன. சிவகாசி வட்டாரத்துப் பெரியோர்களுக்கோ இதில் தனியானதொரு செய்தியும் உண்டு.

அனுப்பியவர் யார்?

சுவாமிகளைக் கடல் கடந்து அனுப்பிய பெருமை பலருக்கு உரியது. ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி அவரை ஊக்குவித்தார். கேத்ரி மன்னர் கப்பல் பயணத்துக்கு முதல் வகுப்புச் சீட்டு வாங்கித் தந்தார். ஆயினும், வீடு வீடாகச் சென்று கையேந்திப் பணம் திரட்டியவர் அளசிங்கப் பெருமாள் என்னும் பள்ளி ஆசிரியர். வைஷ்ணவ ஆசாரம் மிகுந்த குடும்பத்தில் பிறந்தவர். சொற்ப ஊதியத்தில் பெரிய குடும்பத்தைக் காத்தவர். கடல் கடந்தால் ஆசாரம் கெடும், திரும்பி வந்தால் பிராயச்சித்தம் செய்ய வேண்டும் என்று ஊரார் பேசிய காலம் அது. அந்தப் பேச்சையெல்லாம் கடந்து, ஓர் இளம் துறவியைத் தன்னந்தனியாக அனுப்பிவைக்க அவர் துணிந்தார்.

மே மாதம் 31-ஆம் நாள் பம்பாயில் கப்பல் புறப்பட்டது. கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங் ஆகிய துறைமுகங்களைக் கடந்து நாகசாகியை அடைந்தது. அடுத்த துறைமுகமான கோபேயில் சுவாமிகள் கப்பலை விட்டு இறங்கினார். அதே கப்பலிலேயே யோகோஹாமா வரை சென்றிருக்கலாம். நாட்டின் உட்பகுதியைக் காண வேண்டும் என்ற ஆவலால் தரை வழியைத் தேர்ந்தார். அயல்நாட்டார் உள்நாட்டில் பயணம் செய்யத் தனி அனுமதிச் சீட்டு பெற வேண்டியிருந்த காலம் அது. அவ்வாறு சென்று, தொழில் நகரமான ஓசாகா, பழைய தலைநகரான கியோட்டோ, புதிய தலைநகரான டோக்கியோ ஆகிய மூன்று பெருநகரங்களையும் பார்த்தார்.

கடிதத்தின் தொடக்கமே படிப்போரைப் புன்னகைக்க வைக்கும். அடிக்கடி எழுத இயலாமைக்கு வருத்தம் தெரிவிக்கும் சுவாமிகள், அதற்கு ஒரு காரணமும் சொல்கிறார். உடைமை என்று எதையும் வைத்துக்கொண்டு பழகாத தமக்கு, இப்போது பெட்டிகளையும் துணிமணிகளையும் காப்பதே பெரும்பாடாக இருக்கிறதாம். தண்டமும் கமண்டலமும் ஏந்திப் பாரதம் முழுதும் நடந்தவருக்குப் பெட்டி படுக்கை பெருஞ்சுமையானது வியப்பில்லை. விமான நிலையத்தில் நான்கு பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு திண்டாடும் பேரன் பேத்திகள் இதைக் கேட்டால் ஆறுதல் அடைவார்கள்.

கோயிலும் தொழிற்கூடமும்

ஜப்பானில் சுவாமிகளின் கண்ணில் முதலில் பட்டது தூய்மை. அகன்ற, நேரான, தளம் பாவிய தெருக்கள். கூண்டு போன்ற சிறு வீடுகள். வீட்டின் பின்புறம் செடிகளும் சிறு நீர்நிலையும் கல் பாலமும் அமைந்த தோட்டம். ஊருக்குப் பின்னணியாகப் பைன் மரங்கள் அடர்ந்த பசுமையான குன்றுகள். இவை அனைத்தையும் அவர் ரசித்து எழுதுகிறார்.

பின்னர் கோயில்கள். பல கோயில்களுக்கு அவர் சென்றார். ஒவ்வொரு கோயிலிலும் பழைய வங்க எழுத்தில் சமஸ்கிருத மந்திரங்கள் எழுதப்பட்டிருப்பதைக் கண்டார். அங்குள்ள குருமார்களில் சிலரே சமஸ்கிருதம் அறிந்தவர்கள் என்பதையும் கவனித்தார். பொருள் முழுதும் விளங்காவிடினும், பல நூற்றாண்டுகளாக அந்த எழுத்தை அழியாமல் காத்துவந்த பக்தி அவரை ஈர்த்தது. உயர்ந்தவை அனைத்துக்கும் இருப்பிடமாக ஜப்பானியர் இந்தியாவைக் கனவு காண்கிறார்கள் என்றும் எழுதினார்.

அதே கடிதத்தில், அதே ஆர்வத்தோடு அவர் வியந்து எழுதிய இன்னொன்று தீப்பெட்டித் தொழிற்சாலை. அவை காணத்தக்க காட்சி என்கிறார். தமக்கு வேண்டிய ஒவ்வொரு பொருளையும் தம் நாட்டிலேயே செய்துகொள்ள வேண்டும் என்னும் ஜப்பானியரின் உறுதி அவரைக் கவர்ந்தது. ஜப்பானியப் பொறியாளர் குடைந்த, ஏறக்குறைய ஒரு மைல் நீளச் சுரங்கப் பாதையையும் பார்த்தார்.

கோயிலைக் கண்டு கைகூப்பிய துறவி தொழிற்சாலை வாசலில் ஏன் நின்றார்? பசித்த வயிற்றுக்கு வேதாந்தம் போதித்துப் பயனில்லை என்று குருதேவர் ராமகிருஷ்ணர் கூறியதை மறவாதவர் அவர். பாரத மக்களின் வறுமையை நேரில் கண்டவர். ஆகவே, எந்த ஊரில் எதைப் பார்த்தாலும், 'இது நம் மக்களுக்கு உதவுமா?' என்ற கேள்வி அவர் உள்ளத்தில் இருந்தது. கடிதத்தின் பிற்பகுதியில் இந்தக் கேள்வி கோபமாகவே வெடிக்கிறது. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று வாதிட்டுக் காலம் கழிப்போரையும், சிறு குமாஸ்தா வேலையே வாழ்வின் இலட்சியம் என்று இருப்போரையும் அவர் கடிந்துகொள்கிறார். நம் இளைஞர்கள் ஆண்டுதோறும் பெருமளவில் ஜப்பானுக்கும் சீனாவுக்கும் சென்று வர வேண்டும் என்பது அவருடைய விருப்பம்.

கியோட்டோவில் ஒரு நாள்

சுவாமிகள் குறிப்பிட்ட அந்த எழுத்தின் பெயர் சித்தம். பாரதத்தில் தோன்றிச் சீனா வழியாக ஜப்பானை அடைந்த எழுத்து அது. அதை அங்கே நிலைநாட்டியவர்களில் முதன்மையானவர் கூகாய் என்னும் மகான். அவரும் கடல் கடந்து சென்று கற்று வந்தவரே. 804-ஆம் ஆண்டு சீனாவுக்குப் புறப்பட்டு, அங்கே மந்திர மார்க்கத்தையும், பாரதத்திலிருந்து வந்திருந்த பிரக்ஞர் என்னும் துறவியிடம் சமஸ்கிருதத்தையும் கற்று, 806-இல் நாடு திரும்பினார்.

இன்று கியோட்டோவுக்குத் தனியே செல்லும் நம் ஊர்ப் பிள்ளை, ஒரே நாளில் நடந்தும் நகரப் பேருந்திலுமாக இவற்றைப் பார்த்துவிடலாம். காலையில் முதலில் செல்ல வேண்டியது, ரயில் நிலையத்திலிருந்து நடந்தே அடையக்கூடிய 'தோஜி' ஆலயம். 796-ஆம் ஆண்டில் தோன்றி, 823-இல் கூகாய் வசம் ஒப்படைக்கப்பட்ட தலம் இது. இதன் ஐந்து அடுக்கு மரக்கோபுரம் சுமார் 180 அடி உயரம். ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி சந்நிதியின் 192 அடி ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, அந்தக் கோபுரம் அயலாகத் தோன்றாது. ஆலய வாயிலில் ஒரு நீர்த்தொட்டி இருக்கும். கையையும் வாயையும் அலம்பிய பின்னரே உள்ளே செல்வது ஜப்பானிய வழக்கம். சில மண்டபங்களுக்குள் காலணியைக் கழற்றிவிட்டே நுழைய வேண்டும்.

தோஜியின் உரை மண்டபத்தில் 21 திருவுருவங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று நான்கு முகங்களும் நான்கு கரங்களும் கொண்டு, அன்னங்களின் மேல் அமர்ந்திருக்கிறது. அதன் பெயர் 'போன்தென்'. நம் பிரம்மதேவரே அவர். யானையின் மேல் அமர்ந்திருக்கும் 'தைஷாகுதென்', நம் இந்திரன். நான்முகனுக்குத் தனிக்கோயில் அரிதாகிவிட்ட நாட்டிலிருந்து செல்பவர், அங்கே அவரை அன்ன வாகனத்தோடு தரிசிக்கும்போது உள்ளம் நெகிழாமல் இருக்க முடியாது.

அடுத்து 'சான்ஜூசான்கென்தோ' மண்டபம். ஏறக்குறைய 120 மீட்டர் நீளமுள்ள மரக்கட்டடம். தீயில் அழிந்த பின் 1266-இல் மீண்டும் எழுப்பப்பட்டது. உள்ளே அவலோகிதேசுவரரின் 1001 திருவுருவங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவர்களுக்கு முன்னால் 28 காவல் தெய்வங்கள். கருடன் அங்கே அலகோடு நின்று குழல் ஊதுகிறார். நாகராஜரும் கின்னரரும் வைசிரவணர் என்னும் குபேரரும் அந்த வரிசையில் இடம்பெற்றுள்ளனர். இவை தவிர, நீர்நிலைகளின் கரையில் 'பென்ஸாய்தென்' என்னும் தேவிக்குச் சிறு கோயில்கள் ஜப்பான் எங்கும் உண்டு. கையில் நரம்பிசைக் கருவி ஏந்திய அந்தத் தேவி, நம் கலைமகள். நதியாகவும் தெய்வமாகவும் போற்றப்பட்டவள் சரஸ்வதி என்பதை நாம் மறந்தாலும், நீரருகே அவளுக்குக் கோயில் எழுப்பும் அவர்கள் மறக்கவில்லை.

கூகாயின் மரபைச் சேர்ந்த ஆலயங்களில் 'கோமா' என்னும் வழிபாடு நடைபெறும். அக்கினி வளர்த்து, சமித்துகளை இட்டு, மந்திரம் சொல்லுவார்கள். மந்திரத்தின் முடிவில் 'ஸோவாகா' என்று ஒலிக்கும். நம் 'ஸ்வாஹா'வே அப்படி ஆயிற்று. ஹோமம் 'கோமா' ஆனது போல.

உணவைப் பற்றிப் பெரியோர்களுக்குக் கவலை இருக்கும். ஆலயங்களைச் சார்ந்து 'ஷோஜின் ரியோரி' என்னும் துறவியர் உணவு கிடைக்கிறது. மீனும் இறைச்சியும் சேராதது. வெங்காயம், பூண்டும் தவிர்க்கப்படும். சாதாரண உணவகங்களில் காய்கறிச் சாறு என்று தரப்படுவதிலும் உலர்ந்த மீனிலிருந்து எடுத்த சாறு சேர்ந்திருப்பது வழக்கம். ஆகவே கேட்டுத் தெளிந்த பிறகே உண்ண வேண்டும். புறப்படும் பிள்ளையிடம் இதைச் சொல்லி அனுப்பினால் போதும். ஒரு மூட்டை அரிசியைக் கட்டித்தர வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 16-ஆம் நாள் கியோட்டோவில் இருக்க நேர்ந்தால், இரவில் ஓர் அரிய காட்சியைக் காணலாம். நகரைச் சூழ்ந்த ஐந்து குன்றுகளின் சரிவுகளில், எழுத்து வடிவிலும் உருவ வடிவிலும் தீ வளர்ப்பார்கள். வீட்டுக்கு வந்து தங்கிய முன்னோர்களின் ஆன்மாக்களை அவர்களுடைய உலகுக்கு வழியனுப்பும் தீ என்பதே அதன் பெயருக்குப் பொருள். நம்மிலும் இப்படியொரு வழக்கம் உண்டு. மகாளய பட்சத்தில் பூவுலகுக்கு வந்த பித்ருக்கள் திரும்பிச் செல்ல வழி தெரிய வேண்டும் என்று, தீபாவளி அமாவாசையில் தீப்பந்தம் ஏற்றிக் காட்டுவதை 'உல்கா தானம்' என்று தர்ம சாஸ்திரங்கள் கூறுகின்றன. நாம் கொளுத்தும் மத்தாப்பின் ஒளியில் அந்தப் பழைய பந்தத்தின் நினைவும் இருக்கிறது.

கயிற்றைப் பிடித்தவர்கள்

இந்த உறவு விவேகானந்தருக்கும் கூகாய்க்கும் முற்பட்டது. 736-ஆம் ஆண்டில் போதிசேனர் என்னும் துறவி ஜப்பானை அடைந்தார். தென்னிந்தியாவைச் சேர்ந்த பிராமணர் என்றே அந்நாட்டுப் பழைய ஏடுகள் அவரைக் குறிப்பிடுகின்றன. அன்றைய தலைநகரான நாராவில், தோதாய்ஜி ஆலயத்தின் மாபெரும் புத்தர் திருவுருவத்துக்கு 752-ஆம் ஆண்டு கண் திறக்கும் வைபவம் நடந்தது. நம் ஆலயங்களில் ஸ்தபதி செய்யும் நயனோன்மீலனம் போன்றதே அதுவும். கண் திறக்கும் பெரும் பேறு, தென்னிந்தியாவிலிருந்து சென்ற போதிசேனருக்குக் கிடைத்தது.

அவர் பிடித்த பெரிய தூரிகையில் நீண்ட கயிறுகள் கட்டப்பட்டிருந்தன. கீழே கூடியிருந்தோர் அந்தக் கயிறுகளைப் பற்றிக்கொண்டனர். கண்ணைத் தீட்டிய கை ஒன்றே என்றாலும், கயிற்றைப் பிடித்த அனைவருக்கும் அந்தப் புண்ணியத்தில் பங்கு. அந்தத் தூரிகையும் கயிறும் நாராவின் கருவூலத்தில் இன்றும் காக்கப்படுகின்றன. தேர்வடம் பிடித்துப் பழகிய நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அளசிங்கப் பெருமாளும் அப்படிக் கயிறு பிடித்தவரே. அவர் சிகாகோ செல்லவில்லை, மேடையில் நிற்கவில்லை. சிகாகோ மகாசபை தொடங்குமுன் சுவாமிகளின் கைப்பணம் கரைந்து தந்தி வந்தபோது, மீண்டும் அன்பர்களிடம் திரட்டிப் பணம் அனுப்பினார்கள் சென்னை நண்பர்கள். 1895-இல் அளசிங்கர் 'பிரம்மவாதின்' என்ற இதழைத் தொடங்கி, சுவாமிகளின் கருத்துகளை நாடெங்கும் பரப்பினார். 1897 ஜனவரியில் சுவாமிகள் பாம்பன் கரையில் இறங்கியபோது, மன்னர் சேதுபதியே வரவேற்று, அவர் அமர்ந்த வண்டியைத் தம் கையால் இழுத்தார் என்பது வரலாறு. அனுப்பியவர்களின் நெஞ்சு குளிர்ந்த நாள் அது.

சென்று, கற்று, கொண்டுவந்தவர்கள்

சிவகாசி என்னும் பெயருக்குப் பின்னாலும் ஒரு யாத்திரை இருக்கிறது. தென்காசியை ஆண்ட அரிகேசரி பராக்கிரம பாண்டியர் காசிக்குச் சென்று சிவலிங்கம் கொண்டுவந்தார். வழியில் வில்வ வனத்தில் தங்கியபோது, லிங்கத்தைச் சுமந்துவந்த பசு மேலே நடக்க மறுத்துவிட்டது. இறைவன் திருவுள்ளம் இதுவே என்று அங்கேயே பிரதிஷ்டை செய்தார் என்பது தல வரலாறு. காசியிலிருந்து வந்த சிவன் குடிகொண்டதால் ஊர் சிவகாசி ஆயிற்று.

அந்த விசுவநாதர் எழுந்தருளிய பூமி மழை குறைந்த கரிசல். பயிரை மட்டும் நம்பிப் பிழைக்க இயலாத மண். அந்நாளில் இந்தியர் வீட்டு அடுப்பை ஏற்றிய தீக்குச்சி சுவீடனிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் ஜப்பானியத் தீப்பெட்டியே எங்கும் விற்றது. விவேகானந்தர் கண்டு வியந்த அதே தொழிற்சாலைகளின் சரக்குதான் நம் கிராமத்துக் கடைகள் வரை வந்து சேர்ந்தது.

1922-ஆம் ஆண்டில் சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா சென்றனர். சுவாமிகள் பிறந்த அதே நகரம். தொழிலைக் கற்றுத் திரும்பி, 1923-இல் சொந்த ஊரில் தொழிலைத் தொடங்கினர். தீப்பெட்டியிலிருந்து மத்தாப்பும், மத்தாப்பிலிருந்து பட்டாசும், தீப்பெட்டிக்கு ஒட்ட வேண்டிய வண்ணப் படங்களிலிருந்து அச்சுத் தொழிலும் வளர்ந்தன. பூஜை அறையில் நாம் மாட்டும் முருகன் படமும் லட்சுமி படமும் கொண்ட நாட்காட்டி, பெரும்பாலும் அந்த ஊரின் அச்சகத்தில் உருவானதாகவே இருக்கும். பண்டித நேரு இவ்வூரைக் 'குட்டி ஜப்பான்' என்று பாராட்டியதாக ஊரார் இன்றும் பெருமையோடு சொல்லுவர்.

சுவாமிகளின் கடிதத்தைப் படித்துத்தான் அவர்கள் கல்கத்தா சென்றார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆனால் சுவாமிகள் எதை விரும்பினாரோ, அதையே இந்த ஊரார் செய்து காட்டினார்கள். சென்றார்கள், கற்றார்கள், கற்றதை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். பாண்டியர் லிங்கத்தைக் கொண்டுவந்த ஊருக்கு இவர்கள் பிழைப்பைக் கொண்டுவந்தார்கள்.

அந்தப் பிழைப்புக்கு இவ்வட்டாரம் கொடுத்த விலையும் பெரிது. அக்கினி தேவன் அவிர்பாகம் ஏற்பவன். அசட்டை செய்வோரைப் பொறுப்பவன் அல்லன். 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடி விபத்தில் நாற்பதுக்கு அருகில் உயிர்கள் போயின. அதற்கு முன்னும் பின்னும் நேர்ந்த விபத்துகள் பல. விளக்கு வைக்கும் நேரத்துக்கு வேலைக்குப் போனவர் வீடு திரும்பினால்தான் இவ்வட்டாரத் தாய்மார்களுக்கு அன்றைய நாள் முழுமையாகும். இருக்கன்குடி மாரியம்மனுக்கு அவர்கள் நேர்ந்துகொள்ளும் வேண்டுதல்களில் இதுவே முதல் வேண்டுதல். தீபாவளியன்று மத்தாப்பைக் கொளுத்தும் முன், அதைச் செய்த கைகளின் நலம் வேண்டி ஒரு கணம் கண்மூடுவது நம் கடமை.

தம் கைகளில் மருந்து படிந்தாலும் பிள்ளையின் கையில் புத்தகம் இருக்கட்டும் என்று எண்ணிய பெற்றோர் இங்கே ஏராளம். தொழில் தந்த செல்வம் கல்வியாகவும் மாறியது. அய்ய நாடார் பெயரிலும் ஜானகி அம்மாள் பெயரிலும் 1963-இல் எழுந்த கல்லூரி அதற்குச் சான்று. அப்படிப் படித்த பிள்ளைகள் இன்று சென்னைக்கும் பெங்களூருக்கும், அதற்கு அப்பால் அயல்நாடுகளுக்கும் செல்கிறார்கள். தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் முதியோர் மட்டும் இருக்கிறார்கள்.

பெரியோர் செய்யத்தக்கது

'தனியாக எப்படி இருப்பான்? கோயில் குளம் இல்லாத ஊரில் நம் வழக்கமெல்லாம் மறந்துபோகுமே!' என்பதே இந்தப் பெரியோர்களின் மனக்குறை. அந்தக் குறை பொய்யன்று. வெறுமையாகக் கிடக்கும் திண்ணையையும், கொலுப்படி ஏறி இறங்க ஆளில்லாத நவராத்திரியையும் எந்த உபதேசமும் நிரப்பிவிடாது. ஆனால் பிள்ளை தெய்வமில்லாத ஊருக்குப் போய்விட்டான் என்ற அச்சத்துக்கு இடமில்லை. நான்முகன் அன்னத்தின் மேலும் இந்திரன் யானையின் மேலும் அமர்ந்து, பன்னிரண்டு நூற்றாண்டுகளாக அங்கே இருக்கிறார்கள். 'ஸ்வாஹா' என்ற சொல்லைக் கடல் விழுங்கிவிடவில்லை.

புறப்படும் பிள்ளையிடம் பெரியோர் கேட்க வேண்டியவை மிகச் சில. அந்த ஊரில் நீர் அலம்பி நுழையும் கோயில் ஒன்றை வாரம் ஒருமுறையாவது பார்த்து வா. பார்த்ததை எங்களுக்குச் சொல். அங்கே நம் ஊருக்குப் பயன்படக்கூடியது என்ன என்று கவனி. தீயோடும் மருந்தோடும் வேலை செய்வோர் உயிரைக் காக்கும் முறை ஏதேனும் அங்கே இருந்தால், அதைக் கற்று வந்து நம் ஊராருக்குச் சொல்லிக் கொடு. சுவாமிகள் ஜப்பானில் பார்த்ததும் எழுதியதும் இப்படித்தான்.

பெரியோர் தாமும் ஒன்றைச் செய்ய வேண்டும். 'ஏன் இத்தனை நாள் பேசவில்லை?' என்று தொலைபேசியை எடுத்தவுடன் குறைப்பட்டுக்கொள்வதை விட்டுவிட வேண்டும். விவேகானந்தரே கடிதம் எழுதத் தாமதமானதற்கு மன்னிப்புக் கேட்டுத்தான் தொடங்கினார். தாமதமாக வந்த அந்தக் கடிதத்தை அளசிங்கர் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பாரே அன்றிக் கணக்குப் பார்த்திருக்க மாட்டார்.

பிள்ளையின் நட்சத்திரத்தன்று விசுவநாதர் சந்நிதியில், அல்லது அவரவர் ஊர்க் கோயிலில், அவன் பெயருக்கு ஓர் அர்ச்சனை செய்யலாம். அர்ச்சகர் பெயரும் நட்சத்திரமும் கேட்பாரே தவிர, பிள்ளை எந்த ஊரில் இருக்கிறான் என்று கேட்பதில்லை. காசியிலிருந்து இவ்வளவு தூரம் வந்து கரிசல் பூமியில் அமர்ந்த ஈசனுக்குத் தூரம் ஒரு பொருட்டன்று. பசுவை நிறுத்தியவருக்குப் பிள்ளைகளைக் காக்கவும் தெரியும்.